ஒளித்திரை எப்போது கண் மூடலாம்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. வாழ்க்கைத் தத்துவம் எல்லாம் மத்தவங்க பேசிடுவாங்க, நீங்க தொழில் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். எனக்கும் அது சௌகரியம்தான். பதினான்கு வருடமாக நான் செய்துவருவது ஒரே வேலை, இயந்திரங்களுக்கு வேலி கட்டுவது. அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் இன்று எடுத்துக் கொள்கிறேன். ஒளித்திரையை எப்போது, எந்த நிபந்தனையில் கண் மூட வைக்கலாம் என்பதுதான் அது. தொழிற்சாலையில் இதை 'மியூட்டிங்' என்பார்கள்.

முதலில் ஒளித்திரை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். லிப்ட் கதவு மூடும்போது நடுவில் கையை நீட்டினால் கதவு திறந்து கொள்கிறது இல்லையா? ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கற்றைகளை அனுப்பும் கம்பம், எதிர்ப்பக்கம் வாங்கும் கம்பம். நடுவில் ஏதாவது மறித்தால் சிக்னல் போய்விடும். இதையே இயந்திரத்துக்கு வைத்தால் அது 'லைட் கர்ட்டன்'. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் சிக் என்ற பொறியாளர் இதை விபத்துத் தடுப்புக் கருவியாகவே உருவாக்கிக் காட்டினார். இன்று இதற்கு ஐ.இ.சி. 61496 என்று தனித் தர நிர்ணயமே இருக்கிறது. லிப்ட் கதவில் இருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இது தன்னைத் தானே சோதித்துக் கொண்டே இருக்கும். உள்ளே ஒரு பாகம் கெட்டாலும் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று இயந்திரத்தை நிறுத்திவிடும்.

எங்கே வைப்பது?

இது கணக்கு. திரையை மறித்த கணத்தில் இயந்திரம் நின்றுவிடாது. ரிலே விழ வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், ஓடுகிற எடை ஓய வேண்டும். அதற்குள் கை எவ்வளவு தூரம் போகும்? ஐ.எஸ்.ஓ. 13855 என்ற தர நிர்ணயம், கை நீட்டும் வேகத்தை விநாடிக்கு 2000 மில்லிமீட்டர், நடந்து வரும் ஆளின் வேகத்தை விநாடிக்கு 1600 மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொள்கிறது. விரலைக் கண்டுபிடிக்கும் 14 மி.மீ. திரை, மொத்த நிற்கும் நேரம் 0.2 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 400. டையிலிருந்து 400 மி.மீ. தள்ளித்தான் திரை நிற்க வேண்டும். பிரேக் தேய்ந்து நேரம் 0.25 விநாடி ஆகிவிட்டால் 500 மி.மீ. தேவை. திரை புத்தம் புதிதாக இருக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் கை உள்ளே போய்விடும். ஆகவே நிற்கும் நேரத்தை வருடா வருடம் அளக்காத இடத்தில் ஒளித்திரை வெறும் அலங்காரம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறு பட்டறைகளில் இருக்கும் பழைய பின் கிளட்ச் பிரஸ் இருக்கிறதே, அது ஒரு முறை பெடலை மிதித்தால் முழுச் சுற்றும் சுற்றித்தான் நிற்கும். நடுவழியில் நிறுத்தவே முடியாது. அதற்கு எவ்வளவு விலை கொடுத்து ஒளித்திரை மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. டையைச் சுற்றி விரல் நுழையாத கூண்டு போட வேண்டும், அவ்வளவுதான். யாராவது அந்த பிரஸ்ஸுக்குத் திரை விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கண் மூட வேண்டிய அவசியம் என்ன?

சரி, திரை வைத்தாயிற்று. இப்போது பொருள் உள்ளே போக வேண்டும், அல்லது வெளியே வர வேண்டும். திரைக்கு மூட்டை எது, முருகேசன் எது என்று தெரியாது. எது மறித்தாலும் நிறுத்தும். ஒவ்வொரு பேலட்டுக்கும் லைன் நின்றால் தொழில் நடக்காது. ஆகவே பொருள் கடக்கிற அந்தச் சில விநாடி மட்டும் திரை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பொருள் போனவுடன் திறந்து கொள்ள வேண்டும். தற்காலிகமாக, தானாக, பாதுகாப்புக் கட்டுப்பாட்டின் மூலமாகவே நடப்பது மியூட்டிங். ஒரு ஆள் சாவியைத் திருகியோ ஒயரைச் சொருகியோ திரையை ஓய்வெடுக்க அனுப்பினால் அதற்குப் பெயர் பைபாஸ். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம் துறையிலேயே நிறையப் பேர்.

ஐ.எஸ்.ஓ. 13849 சொல்லும் அடிப்படை எளிமையானது. மியூட்டிங் நேரத்தில் ஆள் ஆபத்தில் மாட்டக் கூடாது, அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு வேறு வழியில் இருக்க வேண்டும், நேரம் முடிந்ததும் எல்லாப் பாதுகாப்பும் திரும்ப வந்துவிட வேண்டும். 2018-ல் முழுத் தர நிர்ணயமாக வந்த ஐ.இ.சி. 62046, சென்சார்களை எப்படி வைப்பது என்பது வரை விவரமாகச் சொல்கிறது. அதிலுள்ள விஷயத்தையும் நான் தளத்தில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தம்பி தங்கைகள் குறித்துக் கொள்ளலாம்.

முதலாவது, இரண்டு தனித்தனி சிக்னல் வேண்டும். ஒரே சென்சாரை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. அதன் மேல் தூசி படிந்தாலோ, யாராவது சட்டையைத் தொங்கவிட்டாலோ திரை நிரந்தரமாகத் தூங்கிவிடும். ஒயர் அறுந்தால் "பேலட் இல்லை" என்றுதான் படிக்க வேண்டும், "இருக்கிறது" என்று படிக்கவே கூடாது.

இரண்டாவது, அந்த இரண்டையும் பேலட்டால் மறைக்க முடிய வேண்டும், ஆளால் முடியக் கூடாது. இதற்கு வழக்கமாக மூன்று அமைப்புகள். ஒன்று நான்கு சென்சார், திரைக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற வரிசையில்தான் மறைய வேண்டும், வரிசை தப்பினால் திரை விழித்துக் கொள்ளும். இன்னொன்று, இரண்டு ஒளிக் கற்றைகளைக் குறுக்காக, பெருக்கல் குறி போல விடுவது. அந்தக் கற்றைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி திரைக்கு உள்பக்கம், அதாவது ஆபத்துப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் நடந்து வரும் ஆள் இரண்டையும் சேர்த்து மறைப்பதற்கு முன்பே திரையைத் தொட்டுவிடுவான். புள்ளி வெளிப்பக்கம் இருந்தால் அவனே கதவைத் திறந்து கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, பொருள் வெளியே மட்டும் வருகிற வாசலுக்கு. அங்கே இரண்டு சென்சாரையும் உள்பக்கமே வைத்துவிடலாம். வெளியே நிற்பவன் கைக்கு அவை எட்டவே எட்டாது.

மூன்றாவது, நேரம். முதல் சென்சார் மறைந்தபின் இரண்டாவது சில விநாடிக்குள் மறைய வேண்டும், வழக்கமாக 4 விநாடி வைப்பார்கள். மொத்த மியூட்டிங்குக்கும் ஒரு உச்ச வரம்பு வேண்டும். பேலட் கடக்க 12 விநாடி ஆகும் என்றால் 15 விநாடி வையுங்கள். பத்து நிமிடம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கன்வேயர் சரியான திசையில் ஓடும்போது மட்டும்தான் மியூட்டிங் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

நான்காவது, வாசலை யார் அடைத்துக் கொண்டிருக்கிறார்கள்? திரை தூங்கும்போது காவல் காப்பது அந்தச் சுமைதான். முழுச் சுமை ஏறிய பேலட் வாசலை அடைத்து நிற்கும், ஆள் நுழைய இடம் இருக்காது. வெறும் பேலட் வந்தால்? பதினைந்து சென்டிமீட்டர் உயரப் பலகை, அதற்கு மேலே வாசல் முழுக்கத் திறந்து கிடக்கும். சென்சாரைப் பலகை உயரத்தில் வைத்தால் வெறும் பலகைக்கும் திரை தூங்கும். மூட்டை உயரத்தில் வைத்தால் சுமை இருந்தால்தான் தூங்கும். இந்த ஒரு விஷயத்தை எத்தனை டிராயிங்கில் மறந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கவாட்டில் சுமைக்கும் வேலிக்கும் இடையே ஆள் புகுந்து நசுங்காத இடைவெளியும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, விளக்கு. திரை தூங்குகிறது என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டும். எப்போதும் எரிகிற மியூட்டிங் விளக்கு என்பது நின்றுபோன கடிகாரம் மாதிரி, யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆறாவது, மியூட்டிங் சர்க்யூட்டின் தரம் திரையின் தரத்துக்குக் குறையக் கூடாது. உயர்ந்த தரத் திரையை வாங்கி, அதைத் தூங்க வைக்கும் வேலையைச் சாதாரண பி.எல்.சி.யின் ஒரே ஒரு அவுட்புட்டுக்குக் கொடுப்பது, பெட்டகத்துக்குப் பெரிய பூட்டுப் போட்டுச் சாவியை ஆணியில் மாட்டுகிற கதைதான்.

பிரஸ்ஸில் மியூட்டிங் வேறு மாதிரி. அங்கே சுமை கிடையாது, இயந்திரத்தின் ஆபத்தான கட்டம் முடிந்துவிட்டது என்பதுதான் காரணம். ஸ்லைடு கீழ் எல்லைக்குப் போய்விட்டு மேலே ஏறுகிறது, இறுக்குகிற பாகம் எதுவும் இல்லை, அந்த நேரத்தில் ஆபரேட்டர் பீஸை எடுக்கலாம். இதைச் சொல்வது கிராங்க் ஷாப்டில் இருக்கும் கேம் ஸ்விட்ச். கேம் தளர்ந்து நழுவிவிட்டால் திரை இறங்கும்போது தூங்கும், ஏறும்போது விழித்திருக்கும். ஆகவே இங்கேயும் இரண்டு தனி ஸ்விட்ச், ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டும். தகடு வளைக்கும் பிரஸ் பிரேக்கில், பஞ்சுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 6 மி.மீ. ஆனபின் தூங்க விடலாம். அந்த இடைவெளியில் விரல் நுழையாது, வளைந்து எழும்பும் தகடுதான் திரையை மறிக்கும்.

ஒரு தீவன ஆலையில் பார்த்தது

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது சார், நடைமுறையில் என்ன என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

மாட்டுத் தீவன ஆலை. 50 கிலோ மூட்டைகளை ரோபோ எடுத்து அடுக்கும், ஒரு பேலட்டுக்கு 30 மூட்டை, ஒன்றரை டன். நிறைந்த பேலட் ரோலர் கன்வேயரில் வேலியைத் தாண்டி வெளியே வரும். அந்த வாசலில் 300, 700, 1100 மி.மீ. உயரத்தில் மூன்று கற்றைத் திரை. வேறு ஒரு வேலையாகப் போயிருந்தேன். மியூட்டிங் விளக்கு இருந்த இடத்தில் வெறும் கூடுதான் இருந்தது.

"என்னண்ணே, இந்த விளக்கு எரியலையே?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன்.

"அது எந்நேரமும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க சார். பல்பு எதுக்கு வீணாப் போவுதுன்னு கழட்டிட்டோமுங்க."

பேனலைத் திறந்தால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு மஞ்சள் ஒயர். திரை பல மாதமாகத் தூங்கிக் கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஹெல்பர் பையன் ஒருவன் விளக்குமாற்றோடு அந்த வாசல் வழியாக உள்ளே போனான். சிந்திய தீவனத்தைக் கூட்டுவதற்கு. ரோபோ அசையாமல் நின்றது. அணைந்து கிடக்கவில்லை, அடுத்த மூட்டைக்காகக் காத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினேன். பையன் வெளியே வந்தான், என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் முழித்தான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

புரொடக்ஷன் மேனேஜர் ஓடி வந்தார். "சார், ஏழு லாரி நிக்குது. சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும், ராத்திரி பாத்துக்கலாம்." முடியாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. "அந்த ஒயர் இருக்கிறவரை இது ஓடினால், நடக்கிறதுக்கு உங்க பேரும் என் பேரும்தான் பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மதிய ஷிப்டில் ஆட்களே மூட்டை அடுக்கினார்கள். லாரிகள் இரவு கிளம்பின.

இதோடு கதை முடிந்தால் நான் பெரிய ஆள் மாதிரி இருக்கும். ஆனால் முக்கியமான பகுதி அதற்கப்புறம்தான். அந்த எலெக்ட்ரீஷியன் ஏன் ஒயர் போட்டார்? கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். மனுஷர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கரண்ட் போகும்போது பேலட் சரியாக வாசலில், திரைக்கு நடுவே நின்றுவிடும். கரண்ட் வந்ததும் சென்சார் வரிசை கணக்கு மறந்துபோயிருக்கும். திரை மறிந்திருக்கிறது, இயந்திரம் ஓடாது. ஒன்றரை டன்னைக் கையால் தள்ள முடியாது. முதல் நாள் அரை மணி நேரம் மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இரண்டாம் நாள் ஒயர் வந்தது. மூன்றாம் நாள் அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை.

பாருங்கள், குறை டிசைனில் இருந்தது. பேலட் திரையில் மாட்டினால் என்ன செய்வது என்று வடிவமைத்தவர் யோசிக்கவேயில்லை. அதற்கு முறையான வழி இருக்கிறது, 'ஓவர்ரைடு' என்பார்கள். சாவி ஸ்விட்ச், பிடித்துக் கொண்டிருக்கும்வரைதான் வேலை செய்யும், விட்டால் திரும்பிவிடும். வைக்கிற இடத்திலிருந்து உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். நேர வரம்பு உண்டு. நாங்கள் மாட்டியபோது இன்னொன்றும் சேர்த்தோம். அந்தச் சாவியில் கன்வேயர் மட்டும்தான் நகரும், ரோபோவுக்குப் போகும் பவர் துண்டிக்கப்பட்டே இருக்கும். பேலட் வெளியே வந்ததும் ரீசெட் செய்தால்தான் ரோபோ எழும்.

அப்புறம் அந்தப் பையன் ஏன் உள்ளே போனான் என்று பார்த்தோம். மூட்டை வாய்த் தையல் சரியில்லாமல் தீவனம் கசிந்தது. தையல் இயந்திரத்தைச் சரி செய்தோம். கூட்டுவதற்குப் போகும் கதவு எதிர்ப்பக்கம் இருந்தது, அதைக் கன்வேயர் பக்கம் மாற்றினோம். கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும். இப்போது அவனுக்கு ஒழுங்கான வழியே குறுக்கு வழியாகவும் ஆகிவிட்டது. திரையையும் நகர்த்தினோம். நிற்கும் நேரம் அரை விநாடி. 1600-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 800, கற்றைகளுக்கு மேலோ நடுவிலோ கை நீட்டுவதற்காக 850, ஆக மொத்தம் 1650 மி.மீ. இருந்தது ஒரு மீட்டர்தான்.

இது நம் ஊருக்கு மட்டுமான வியாதி என்று நினைக்காதீர்கள். 2006-ல் ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளின் கூட்டமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டது. உலோகத் தொழிலில் பாதுகாப்புச் சாதனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவ்வப்போதோ நிரந்தரமாகவோ ஏமாற்றப்படுகின்றன என்று அதில் தெரிய வந்தது. ஒழுங்குக்குப் பேர் போன ஜெர்மனியிலேயே அப்படி. ஐ.எஸ்.ஓ. 14119 என்ற தர நிர்ணயம், கதவு இன்டர்லாக்கை ஏமாற்ற ஆளுக்கு என்ன தூண்டுதல் இருக்கிறது என்பதை வடிவமைக்கும்போதே யோசி என்று பொறியாளருக்குச் சொல்கிறது. அதே புத்தி திரைக்கும் பொருந்தும்.

தம்பி தங்கைகளுக்கு

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவிலேயே எழுதினார்கள். சட்டம் அன்றே சொன்னது. வேலைத் தளத்தில் அதைச் செய்ய வேண்டியது உங்களைப் போல ஒரு ஆள்தான்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் யாராவது வந்து, "தம்பி, அந்தக் கர்ட்டன் தொல்லை பண்ணுது, கொஞ்சம் பைபாஸ் பண்ணி விடேன்" என்று கேட்பார். கேட்பவர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார், உங்கள் சம்பள உயர்வு அவர் கையில் இருக்கும். அப்போது என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். வெறுமனே "முடியாது சார்" என்றால் ராத்திரி ஷிப்டில் வேறு ஒருவர் ஒயர் போட்டுவிடுவார். "என்ன தொல்லை சார், காட்டுங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். போய்ப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை உண்மையான காரணம் ஒன்று இருக்கும். கண்ணாடியில் தூசி, கம்பம் ஆடுவது, சென்சார் உயரம் தப்பு, ஓவர்ரைடு இல்லாதது. அதைச் சரி செய்யுங்கள். சரி செய்கிறவரை லைன் நிற்கத்தான் வேண்டும் என்றால், நிற்கட்டும்.

வேலைத் தளத்துக்குப் போனதும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இந்தத் திரை எப்போது தூங்கும்? தூங்கும்போது காவல் யார்? கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் அங்கே நிற்கும் ஆபரேட்டரே பதில் சொல்லிவிட்டால் அது நல்ல தொழிற்சாலை. டிராயிங்கைத் தேடினால், பேனலைத் திறந்து பாருங்கள்.

மாணவர்கள் யாருக்காவது ஒளித்திரை, பாதுகாப்பு ரிலே, சென்சார் வைத்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்ய ஆசை இருந்தால் என்னிடம் வாருங்கள். பழைய திரை ஒரு ஜோடி, நான்கு சென்சார், சின்ன ரோலர் கன்வேயர் ஒன்று நம் லேபுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆளை உள்ளே விடாமல் அட்டைப் பெட்டியை மட்டும் உள்ளே விடும் மியூட்டிங் ஒன்றை அமையுங்கள். அமைத்தபின் உங்கள் வகுப்பிலேயே குறும்புக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, "இதை ஏமாத்திக் காட்டுடா" என்று சொல்லுங்கள். அவன் ஜெயித்தால் மறுபடியும் யோசியுங்கள். எந்தப் பரீட்சையும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது.

வாசலைத் தாண்டிப் போன அந்தப் பையன் இப்போது ஐ.டி.ஐ. முடித்து அதே ஆலையில் ஆபரேட்டராக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பத்து விரலோடு இருக்கிறான். நம் தொழிலுக்கு அதைவிடப் பெரிய விருது வேண்டியதில்லை.